பக்கத்து இலை விதி

இசக்கியப்பன் அன்று ஐந்தாவது முறையாக ஒன்று போட்டான்.

இருபது முகம் உள்ள பகடையில் அடுத்தடுத்து ஐந்து தடவை ஒன்று விழ முப்பத்திரண்டு லட்சத்தில் ஒரு வாய்ப்பு. அந்த ஒருவன் என் விடுதி அறையில் வசித்தான். என் துண்டால்தான் தலை துவட்டினான்.

“செத்தேன்,” என்றான். “வரதன் செத்தான். எத்தன மாசமா வளத்த மீச!”

“இன்னும் சாகல,” என்றாள் பூங்கோதை. “பாலம் ஒடையுது. என்ன செய்யப்போற?”

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்காக. ஒருவர் உலகமாக இருப்பார். மற்றவர்கள் அந்த உலகத்துக்குள் ஆளுக்கு ஒரு பாத்திரம். என் பாத்திரம் இதைச் செய்கிறது என்று நாம் சொல்வோம். நடந்ததா இல்லையா என்று பகடை சொல்லும். அதன் விளைவை உலகமாக இருப்பவர் சொல்வார். இருபது என்றால் அமோகம், ஒன்று என்றால் சர்வநாசம். உலகமாக இருப்பவருக்கு கேம் மாஸ்டர் என்று பெயர். டீ மாஸ்டர், புரோட்டா மாஸ்டர் வரிசையில் நாங்கள் வெறும் மாஸ்டர் என்போம்.

எங்கள் மாஸ்டர் பூங்கோதை. சிவில் மூன்றாம் ஆண்டு, சங்கரன்கோவில்காரி. சமையலில் போலவே இதிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு கை உண்டு. சில மாஸ்டர்கள் மணிக்குப் பத்து தடவை ‘முடியாது’ என்பார்கள். பூங்கோதை அந்தச் சொல்லை உபயோகித்து யாரும் கேட்டதில்லை. “யானைய முழுங்கப்போறேன்” என்று இசக்கி ஒருமுறை சொன்னான். “முழுங்கலாம். எந்தப் பக்கமிருந்து ஆரம்பிக்கப்போற?” என்றாள். தினக்காலண்டர் அட்டைகளை ஒட்டி ஒரு மறைப்பு செய்து, அதன் பின்னால்தான் தன் பகடையை உருட்டுவாள். என்ன விழுந்தது என்று நாங்கள் பார்த்ததே இல்லை. இசக்கி, ருக்சானா, நான் மூவரும் இந்தப் பக்கம், அவள் மட்டும் அந்தப் பக்கம்.

“ஒனக்கு ஒரு பாத்திரமா வெளையாட ஆச இல்லியா?” என்று நான் கேட்டதுண்டு.

“யாராவது ஒருத்தர் உலகமா இருக்கணும்ல, சாமு,” என்றாள். பேருந்தில் யாராவது ஒருத்தர் நின்றுதானே ஆகவேண்டும் என்கிற குரல்.

பாலத்துக்கு வருகிறேன். இசக்கியின் வரதன் விழப்போகிறான். பக்கத்தில் ருக்சானாவின் பாத்திரம், நிழலி என்ற திருடி, நின்றுகொண்டிருந்தாள்.

“அந்த ஒண்ண எனக்குப் போடு,” என்றாள் ருக்சானா.

“அப்படியெல்லாம் போட முடியுமால?” என்றான் இசக்கி, தன்னைக் காப்பாற்ற வந்தவளிடம்.

“பந்தியில பாவக்கா வேண்டாம்னா பக்கத்து இலைக்குத் தள்ளுதோம்ல? அது மாதிரி.”

பக்கத்து இலைக்குப் பாயசம் கேட்பவர்களைத்தான் நான் அதுவரை பார்த்திருந்தேன். பக்கத்து இலைப் பாகற்காயைக் கேட்டு வாங்கியவள் மேலப்பாளையம் ருக்சானா ஒருத்திதான். நிழலியின் கால் உடைந்தது. வரதன் மீசையோடு பிழைத்தான்.

இப்படித்தான் எங்கள் வீட்டு விதிகளில் ஏழாவது பிறந்தது. வீட்டு விதி என்றால் விளையாட்டுப் புத்தகத்தில் இல்லாதது, அந்தந்த மேஜைக்காரர்கள் தாங்களே போட்டுக்கொள்வது. விடுதி நோட்டீசின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தோம். மேஜையை விட்டு விழுந்த பகடை செல்லாது. பஜ்ஜிக் கையோடு பகடையைத் தொடக்கூடாது. ஏழாவது: ஒன்று விழுந்தால் கை எட்டும் தூரத்தில் நிற்பவர் ‘எனக்குப் போடு’ என்று சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.

வாங்கியதை மறுபடி தள்ளக்கூடாது என்ற வால் அடுத்த சனிக்கிழமை சேர்ந்தது. இசக்கிக்கு விழுந்த ஒன்றை நான் வாங்கி, நான் ருக்சானாவுக்குத் தள்ளி, அவள் இசக்கிக்கே தள்ளி, இருபது நிமிடம் பந்து விளையாடியதில் டீ ஆறிவிட்டது. டீயை முன்னிட்டுப் போட்ட வால்.

இன்னும் இரண்டு விதிகளைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாவது: இருபது விழுந்தால் என்ன நடந்தது என்பதை மாஸ்டர் அல்ல, இருபது வைத்திருப்பவரே சொல்லலாம். (இசக்கி ஒரே ஒருமுறை இருபது போட்டு, பறக்கும் நாகம் மன்னிப்புக் கேட்டுவிட்டு பிரியாணி கிண்டியது என்றான். அப்படியே நடந்தது.) பன்னிரண்டாவது: எந்த விதியையும் மாற்ற, மேஜையில் நாற்காலி உள்ள அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும்.

விதிகளைப் பூங்கோதை மைக்கில் பெட்டிக்கு வாசித்தாள். அந்தப் பெட்டியும் எங்களுக்கு ஒரு விளையாட்டுச் சாமான், அவ்வளவுதான்.

பெட்டி என்றால் சிவில் துறையின் ஒரு பெரிய கணினி. வெள்ளம் வந்தால் ஜனங்கள் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள, நாற்பதாயிரம் கற்பனை மனிதர்களை உள்ளே வைத்துச் செய்தது. ஒவ்வொருவருக்கும் தனி ஞாபகம், தனி பயம், தனிப் பிடிவாதம். ஒரு வெள்ளத்தின்போது உதவி கேட்டு வந்த பத்தாயிரம் போன் பேச்சுகளைக் கேட்டுத்தான் அது தமிழ் கற்றது. ஆகவே உள்ளே எல்லோரும் கொஞ்சம் அவசரமாகவே பேசுவார்கள். ஆராய்ச்சி முடிந்து, அறிக்கை அச்சாகி, அதன் மேல் டீ டம்ளரும் வைத்தாகிவிட்டது. பெட்டி சும்மா கிடந்தது. சொன்ன விதியை இயற்கையாக எடுத்துக்கொள்ளும் என்பதைப் பூங்கோதைதான் கண்டுபிடித்தாள். புவியீர்ப்பு எப்படியோ, அதற்கு எங்கள் ஏழாவது விதியும் அப்படி. சனிக்கிழமை மத்தியானங்களில் துறை அறையில், ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகள் சுற்ற, நாங்கள் அதற்குள் நெடுந்துறை என்ற துறைமுக ஊரில் திரிந்தோம். சுவரில் படம் ஓடும். பேசுவது ஒலிபெருக்கியில் கேட்கும்.

அப்புறம் செமஸ்டர் விடுமுறை வந்தது.

பெட்டியை ருக்சானா நிறுத்துவாள் என்று நான் நினைத்தேன். பூங்கோதை நிறுத்துவாள் என்று ருக்சானா நினைத்தாள். கடைசியாக அறையை விட்டுப் போகிறவர் நிறுத்துவார் என்று பூங்கோதை நினைத்தாள். கடைசியாகப் போனவன் இசக்கியப்பன். அவன் ஃபேனை நிறுத்தினான்.

நாற்பத்தாறு நாள். நாங்கள் மேஜையில் இருந்தால் பெட்டி எங்கள் வேகத்தில் நடக்கும். தனியாக விட்டால் பகடையையும் தானே உருட்டிக்கொண்டு தன் வேகத்தில் ஓடும். அது ஒரு நாளைக்கு மூன்று வருடம்.

திரும்பி வந்து பார்த்தபோது நெடுந்துறையில் நூற்று முப்பத்தெட்டு வருடம் போயிருந்தது.

எங்கள் பாத்திரங்கள் விட்ட இடத்திலேயே நின்றன. ‘என்ன செய்யப்போற’ என்று கேட்க ஆளில்லாததால் சத்திரத்து முற்றத்தில் அசையாமல், மூப்பில்லாமல் நின்றிருந்தன. ஊர்க்காரர்கள் சத்திரத்தை இடித்துவிட்டு எங்களைச் சுற்றி ஒரு மண்டபம் கட்டியிருந்தார்கள். வரதனின் மீசைக்கு எண்ணெய் பூசியிருந்தது. நிழலியின் காலடியில் பூ. என் பாத்திரமான கூத்தனின் நீட்டிய கையில் யாரோ ஈரத்துணி காயப்போட்டிருந்தார்கள்.

“வெளிய போறோம்,” என்றான் இசக்கி, பயபக்தியுடன்.

தெருவில் எல்லாம் ஜோடி ஜோடியாக நடந்தார்கள். முன்னால் நல்ல உடுப்போடு ஒருவர். அவருக்கு இடது பக்கம், சரியாகக் கை எட்டும் தூரத்தில், கழுத்தில் முடிச்சுக் கயிற்றோடு இன்னொருவர்.

“பாடிகார்டால?”

“பாடிகார்டு இவ்வளவு ஒல்லியா இருக்க மாட்டான்,” என்றேன்.

கிடங்கு வாசலில் ஒரு பட்டுச்சட்டைக்காரன் ஏணியில் ஏறினான். படி முறிந்தது. பூங்கோதையின் மறைப்புக்குப் பின்னால் பகடை உருளும் சத்தம் கேட்டது. ஏணியடியில் நின்ற ஒரு பெரியவர், வயது அறுபது இருக்கும், சலிப்பில்லாமல், ஆர்வமும் இல்லாமல், வருகைப் பதிவில் ‘உள்ளேன் ஐயா’ சொல்கிற மாதிரி, “எனக்குப் போடு” என்றார். பட்டுச்சட்டைக்காரன் காற்றில் தொங்கி மெதுவாக இறங்கினான். தரையில் நின்ற பெரியவரின் கால், எதுவும் படாமலே, முறிந்தது. பட்டுச்சட்டைக்காரன் குனிந்து பார்க்கவில்லை. கிடங்கிலிருந்து இன்னொருவரைக் கூட்டிவரச் சொன்னான்.

அவர்களுக்குப் பெயர் பக்கத்தாள். பக்கத்தாள் பிள்ளை பக்கத்தாள். வேறு தெருவில் குடியிருப்பு, வேறு கிணறு. “நாலு தலைமொறையா இப்படித்தான், வேற எப்படி?” என்றார் ஒரு கடைக்காரர்.

பஜ்ஜி தின்றுகொண்டே போட்ட விதி. அதற்கு வால் வைத்ததும் நாங்கள். அங்கே ஒரு சாதி பிறந்து, வளர்ந்து, தனிக்கிணறு தோண்டிவிட்டது.

“நான் அன்னைக்குப் பாலத்துல செத்திருக்கலாம்,” என்றான் இசக்கி. வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

மண்டபத்துக்குத் திரும்பினால் ஒருத்தி காத்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். இடது கையில் இரண்டு விரல் இல்லை. கழுத்தில் கயிறு.

“முழிச்சுட்டீயளா? நல்லது. எம்பேரு தாழை. துறைத்தலைவர் பெருவழுதிக்கு நான்தான் பக்கத்தாள். எனக்கு நேரம் கம்மி, ஒரு விசயம் காட்டணும்.”

துணிமூட்டையை அவிழ்த்தாள். உள்ளே கயிறுகள், நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றிலும் முடிச்சுகள், நடுநடுவே சிப்பிகள்.

“எசமான் ஆபத்தான காரியம் ஒண்ணு செஞ்சா நாங்க ஒரு முடிச்சுப் போடுவோம். வாங்க வேண்டி வந்தா ஒரு சிப்பி கோப்போம். இது எங்கம்மாளோடது, இது அவ அம்மாளோடது. எங்க தெருவுல இருக்க அத்தன கயிறையும் கேட்டு வாங்கி எண்ணுனேன். ஒன்பது வருசமாச்சு.”

“எண்ணி?” என்றாள் ருக்சானா.

“ஒருத்தர் கயித்துல கூடும், கொறையும். எல்லாத்தையும் சேத்து எண்ணுனா இருபது முடிச்சுக்கு ஒரு சிப்பி. மழைக்காலம், வெயில்காலம், நல்லவன், கெட்டவன், சாமி கும்புட்டவன், கும்புடாதவன், எல்லாத்துக்கும் இருபதுக்கு ஒண்ணு. விதியா இருந்தா ஆளப் பாத்துல்லா வரணும்? இது ஆளப் பாக்கல. அப்போ இது ஒரு சாமான்னு நெனச்சேன். இருபது பக்கம் இருக்க சாமான். எல்லாப் பக்கமும் ஒண்ணுபோல இருக்கணும், இல்லன்னா கணக்கு சாயும்.”

மடியிலிருந்து ஒன்றை எடுத்தாள். “களிமண்ணுல செஞ்சு பாத்தேன். மூணு மூலைத் துண்டா வெட்டி ஒட்டுனா நாலு பக்கத்துல மூடுது, எட்டுல மூடுது, இருபதுல மூடுது. அதுக்கு மேல ஒரே மாதிரித் துண்டு, ஒரே மாதிரி மூலைன்னு வெச்சு மூடவே மாட்டேங்குது. இருபதுதான் கடேசி.”

சுவர் முழுக்க அவள் உள்ளங்கை. எட்டு விரல்காரி செய்த களிமண் பகடை அதில் இருந்தது. முக்கோணம் முக்கோணமாக இருபது முகம். ஒரு முகத்தில் மட்டும் கரியால் ஒரு கோடு.

மறைப்புக்குப் பின்னால் பூங்கோதை எழுந்து நின்றுவிட்டாள். அவள் உள்ளங்கையிலும் அதே சாமான் இருந்தது. பச்சை பிளாஸ்டிக். அவள் இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள். நாங்கள் அதைக் கடையில் வாங்கியிருந்தோம். தாழை அதை உலகத்திலிருந்து எண்ணி எடுத்திருந்தாள்.

“இது எங்கயோ உருளுது,” என்றாள் தாழை. “யாரு உருட்டுறதுன்னு உங்களுக்குத் தெரியும்னு ஊர்ல சொல்லுவாங்க. அவங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். வாடைக்காத்துக் காலம் முடிஞ்சு நாளைக்கு மொதப் படகு. பொழிமுகத்துல, ஆறு கடல்ல விழுற எடத்துல, மொதப் படகுல தலைவருதான் தாண்டணும்னு வழக்கம். அஞ்சு பெரிய அலை. அங்க ஒண்ணு விழுந்தா விரலோட போகாது. எங்கம்மா அங்கதான் போனா.”

“நீ சொல்லாம இருந்துட்டா?” என்றேன். “ ‘எனக்குப் போடு’ன்னு சொன்னாத்தான செல்லும்?”

“நான் நிக்கலன்னா அலரி நிக்கணும். எந்தங்கச்சி. பதினேழு வயசு.”

பூங்கோதை பெட்டியை அப்படியே உறைய வைத்தாள். தாழையின் கை சுவரில் நீட்டியபடி நின்றது.

“தலைவனப் போட்டுத்தள்ளிருவோம்,” என்றான் இசக்கி. “வரதன் ஒரே வீச்சு.”

“அவனுக்கு மகன் இருக்கான்,” என்றாள் ருக்சானா. “அந்தப் பட்டுச்சட்டைதான். ஊர்ல மூவாயிரம் பக்கத்தாள் இருக்காங்க. எத்தன பேர வீசுவ?”

“அப்ப ஏழாவது விதிய அழிங்க,” என்றேன். “நாலு பேரும் சரின்னா முடிஞ்சது.”

ருக்சானா விசைப்பலகையில் ஏதோ தட்டினாள். சுவரில் ஊர்ப்படம் விரிந்து, சின்னச் சின்னப் புள்ளிகள் ஒளிர்ந்தன. “இப்ப இந்த நிமிசம், யாரும் சொல்லாம, தானா ஒரு நோயாளி கட்டிலுக்குப் பக்கத்துல கை எட்டுற தூரத்துல உக்காந்திருக்கவங்க. அறுநூத்திப் பத்துப் பேரு.” குரல் இறங்கியது. “எங்க உம்மா மூணு மாசமா வாப்பா கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கா. அவளுக்கு இப்படி ஒரு விதி கெடச்சு, அத நீ அழிக்கப் போனா, ஒன்ன உசுரோட விட மாட்டா.”

இசக்கி பஜ்ஜித் தட்டைத் தள்ளி வைத்தான். அவனை அறிந்தவர்களுக்கு அதன் கனம் புரியும்.

பூங்கோதை காலண்டர் அட்டையைப் பார்த்தாள். பிறகு மூலையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து, ஒலிபெருக்கிக்கு முன்னால், மேஜையோடு ஒட்டிப் போட்டாள். பெட்டியை ஓடவிட்டு மைக்கில் குனிந்தாள்.

“தாழை. உருட்டுறது நான்தான். எம்பேரு பூங்கோதை. இங்க ஒனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கேன். நீ என்ன செய்யப்போற?”

அந்தக் கேள்வியை அவள் அதுவரை எங்களிடம் மட்டும்தான் கேட்டிருந்தாள். பெட்டிக்குள் இருக்கும் யாரிடமும் யாரும் கேட்டதில்லை. பெட்டியின் விசிறிகள் உறுமின. சுவர்ப் படம் ஒரு கணம் வெளுத்துத் திரும்பியது. தாழை நிமிர்ந்தாள். எங்களைப் பார்க்க முடியாது, ஆனாலும் எங்கள் பக்கமாகத்தான் நிமிர்ந்தாள்.

“செய்யலாமா?” என்றாள். “நானா?”

“நாற்காலி இருக்கவங்க விதி கேக்கலாம். எல்லாரும் சரின்னா மாறும். எத மாத்தணும்?”

நூற்று முப்பத்தெட்டு வருடத்துக்கு அவள் என்ன கேட்டாலும் தகும்.

“வாங்குனா திருப்பித் தள்ளக்கூடாதுன்னு ஒண்ணு இருக்குல்லா?” என்றாள். “அத எடுத்துடுங்க. யாரு எதுக்குப் போட்டாங்களோ தெரியல, பெரிய காரணம் இருந்திருக்கும்.”

யாரும் டீயைப் பற்றி வாய் திறக்கவில்லை.

“எடுத்துட்டு ஒண்ணு சேக்கணும். ஒரு கையில இருந்து இன்னொரு கைக்கு மாறும்போது ஒண்ணு கூடணும். ஒண்ணு ரெண்டாகணும், ரெண்டு மூணாகணும். கரைவலை இழுக்கிற ஊருங்க இது. ஒருத்தன் இழுத்தா தோள் கழண்டுரும், இருபது பேரு இழுத்தா பாட்டுப் பாடிக்கிட்டே இழுக்கலாம். பாரம்னா அப்படித்தான இருக்கணும்?”

நாலு கை உயர்ந்தது. இசக்கி இரண்டு கையையும் உயர்த்தினான். ஒன்றுதான் கணக்கு என்று ருக்சானா இறக்கிவிட்டாள். பூங்கோதை விதியை மைக்கில் வாசித்தாள். பிறகு, இரண்டு வருடத்தில் முதன்முறையாக, காலண்டர் மறைப்பை மடித்துக் கீழே வைத்தாள்.

“இனி எல்லாரும் பாக்க உருட்டுறேன்.”

மறுநாள் காலை, அதாவது எங்களுக்கு ஒரு டீ கழித்து, பொழிமுகம். தலைவர் பெருவழுதி படகின் முன்புறம் நின்றார். நல்ல உயரம், நல்ல மாலை. இடது பக்கம் தாழை. அவள் ராவோடு ராவாகத் தெருவில் பேசியிருக்க வேண்டும். படகு நகர்ந்ததும் கரையிலிருந்து பதினாலு பக்கத்தாள்கள் யாரும் கூப்பிடாமல் தண்ணீரில் இறங்கி, படகின் விளிம்பைப் பிடித்துச் சுற்றி நின்றார்கள். கடைசியாக வந்தவள் அலரி. காலுடைந்த பெரியவரை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள்.

“என்ன செய்யப்போறீங்க?” என்று பூங்கோதை எங்களைக் கேட்டாள்.

நிழலி இறங்கினாள். வரதன் இறங்கினான். கூத்தன் கோழை; இரண்டு வருடமாக அவனைக் கோழையாகவே கவனமாக வளர்த்திருக்கிறேன். “அவனும் எறங்குறான்,” என்றேன். “ஈரம் பட்டா ஒண்ணும் ஆகாது, ஏற்கெனவே துணி காயப்போட்ட ஆளு.” வளையத்தில் மிச்சமிருந்த கடைசி இடம் தாழைக்கு மறுபக்கம். அங்கே நின்றேன்.

முதல் அலை. பச்சைப் பகடை மேஜையில் எல்லோர் கண் முன்னாலும் உருண்டது. பதினொன்று. இரண்டாவது அலை, ஆறு; ஒரு துடுப்பு போனது. மூன்றாவது பதினேழு. நான்காவது எட்டு. ஐந்தாவது அலை சுவரின் உச்சி வரை எழுந்து, ஜன்னலோரக் காற்றாலைகளைவிட உயரமாகத் தெரிந்தது.

பகடை உருண்டு, மேஜை ஓரத்தில் தயங்கி, விழாமல் நின்றது.

ஒன்று.

“பக்கம்!” என்று தலைவர் சொன்னார். கூப்பிடுவதற்கு அவர்கள் வைத்திருந்த சொல் அதுதான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தாழை பேசவில்லை. அலை அப்படியே நின்றது, பெட்டி காத்திருந்தது. பூங்கோதை அவசரப்படுத்தவில்லை. தலைவர் முதன்முறையாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். அதில் எதைப் பார்த்தாரோ, மாலையைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்குப் போடு,” என்றாள் தாழை.

இரண்டு.

“எனக்குப் போடு,” என்றார் காலுடைந்த பெரியவர். வருகைப் பதிவுக் குரல் இல்லை இப்போது. மூன்று. அடுத்தவர், நான்கு. ஒலிபெருக்கியில் குரல்கள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டுப் படகைச் சுற்றின. ஒற்றைக்கண் ஆள், கையில்லாத பெண், ஊன்றுகோலோடு வந்தவர். அத்தனை வருடம் தனித்தனியாக வாங்கியவர்கள். எண் பத்தாகும்போது ஒருத்தி சிரித்துவிட்டாள். பதினைந்தைத் தாண்டும்போது கரைவலைப் பாட்டு மாதிரியே ஆகிவிட்டது. அலரி வாங்கும்போது பதினாறு.

“எனக்குப் போடு,” என்றாள் ருக்சானா, கண்ணைத் துடைக்காமல். பதினேழு.

“எனக்குப் போடுல!” இசக்கி. அவன் வாழ்க்கையில் பதினெட்டைக் கையில் வைத்திருந்ததே இல்லை. தர மனமில்லாமல் ஒரு நொடி வைத்திருந்தான்.

“எனக்குப் போடு,” என்றேன். பத்தொன்பது. என் குரல் எனக்கே தெரியாத ஒருவனுடையதாக இருந்தது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பத்தொன்பது போதும், யாருக்கும் கீறல்கூட விழாது. வளையத்தில் எனக்கு அடுத்து ஆளில்லை.

“இருக்கேன்,” என்றாள் தாழை, என் மறுபக்கத்திலிருந்து. “எனக்குப் போடு.”

இருபது.

பூங்கோதை விதித் தாளைப் பார்த்தாள். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. “என்ன நடந்துச்சுன்னு நீதான் சொல்லணும், தாழை.”

“என்ன வேணா சொல்லலாமா?”

“என்ன வேணா.”

“தலைவனச் சுறா தின்னுச்சுன்னு சொல்லச் சொல்லு,” என்று இசக்கி கிசுகிசுத்தான். ருக்சானா மேஜைக்கடியில் மிதித்தாள்.

நாற்பதாயிரம் பேர் உள்ள உலகம் ஒருத்தி வாயைப் பார்த்து நின்றது. அவள் கொஞ்சமும் அவசரப்படவில்லை.

“அலை வந்துச்சு,” என்றாள். “படகைப் பிள்ளையத் தூக்குற மாதிரித் தூக்கி அந்தாண்ட வெச்சுட்டுப் போச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. தலைவரு ‘பக்கம்’னு கூப்பிட்டாரு. எடது பக்கத்துல ஆளில்ல. நான் எந்தங்கச்சி பக்கத்துல நின்னேன். தனியா நிக்கிறது எப்படி இருக்கும்னு அவருக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. வளையத்துல அவருக்கு ஒரு எடம் விட்டோம். வந்து நிக்கலாம். நிக்காமயும் போகலாம். அது அவரு பாடு.”

சுவரில் எல்லாம் அவள் சொன்னபடியே நடந்தது. அவள் சொல்லாத ஒரு சூரியனும் தானாக வந்தது.

“அவ்வளவுதான் என்னோடது,” என்றாள். “மிச்சம் உங்க கையில. நீங்க நாலு பேரு. என்ன செய்யப்போறீங்க?”

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். பிறகுதான் உறைத்தது. நெடுந்துறையில் நாங்கள் மூன்று பேர்தான்.

நாலாவது ஆள் பூங்கோதை. இரண்டு வருடத்தில் அந்தக் கேள்வியை எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பாள். அவளிடம் கேட்டவர் எவரும் இல்லை. மெதுவாக எழுந்தாள். மாஸ்டரின் மைக்கை எடுத்துத் தாழையின் நாற்காலிக்கு முன்னால் வைத்தாள். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேஜையைச் சுற்றி எங்கள் பக்கம் வந்து, இசக்கியை இடித்துத் தள்ளி, என் கை எட்டும் தூரத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

பச்சைப் பகடையைக் கையில் எடுத்தாள். அதை அன்றுதான் முதலில் பார்ப்பவள் மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“மொதல்ல,” என்றாள், “எனக்கு ஒரு பேரு வேணும்.”